மூன்றும் நான்கும்

செல்லின் உட்கருவில் இருக்கும் லாமின் என்ற புரதத்தின் எழுத்து வரிசையை முதன்முதலில் நான் கணினியில் படிக்கவில்லை. கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் எழுதித்தான் படித்தேன். புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. அதில் தண்ணீரோடு ஒட்டாத எழுத்துகளை மட்டும் சிவப்பு மையில் வட்டமிடச் சொல்லியிருந்தார் என் ஆய்வு நெறியாளர். போட்டுக்கொண்டே போனேன். மூன்று தள்ளி ஒன்று, நான்கு தள்ளி ஒன்று, மறுபடி மூன்று, மறுபடி நான்கு. இரண்டாம் பக்கம் வருவதற்குள் என் விரல்கள் மேசையில் தட்டத் தொடங்கிவிட்டன: தகிட தகதிமி, தகிட தகதிமி. சின்ன வயதில் பாட்டு வகுப்பில் தொடையில் போட்ட அதே மிஸ்ர சாபு.

அது தற்செயல் இல்லை. புரதச் சங்கிலி திருகாணிபோலச் சுருளும்போது ஒரு சுற்றுக்கு 3.6 எழுத்துகள் ஆகின்றன. அதனால் ஏழு எழுத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ அதே பக்கத்துக்கு வந்து சேரும். தண்ணீரை வெறுக்கும் எழுத்துகள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்க, இரண்டு லாமின் சங்கிலிகள் அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு புரிக்கயிறாக முறுக்கிக்கொள்கின்றன. அந்தக் கயிறுகள் சேர்ந்து உட்கருவின் உட்சுவரில் ஒரு வலையாகப் படிகின்றன. 1986இல் யூலி ஏபி குழுவினர் தவளை முட்டைச் செல்லின் உட்கருவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். குறுக்கும் நெடுக்குமாக இழைகள் ஓடுகிற அந்தப் படத்தைப் பார்த்தால் கயிற்றுக் கட்டில் நினைவுக்கு வரும். நம் ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர். அத்தனையையும் அடக்கிய பை உருக்குலையாமல் தாங்குவது அந்தப் பின்னல்தான்.

என் வேலை, இப்படிப்பட்ட உட்கருப் புரதங்கள் எங்கிருந்து வந்தன, எப்படி மாறின என்று தேடுவது. வெவ்வேறு உயிர்களின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எந்த எழுத்து நிலைத்தது, எது போயிற்று என்று பார்ப்பது. இதற்கு எல்லோருக்கும் கற்றுத்தரும் முதல் பாடம் ஹிஸ்டோன். டிஎன்ஏவைச் சுற்றிவைக்கும் உருளைகளில் இருக்கும் எச்4 என்ற ஹிஸ்டோனில் 102 அமினோ அமிலங்கள். கன்றுக்குட்டியிலும் பட்டாணியிலும் அதை ஒப்பிட்ட முடிவு 1969இல் வந்தது. இரண்டே இடங்களில்தான் வேறுபாடு. அந்த இரண்டிலும் தன்மையில் நெருங்கிய எழுத்துகளே மாறியிருந்தன. மாட்டுக்கும் பட்டாணிக்கும் பொதுவான மூதாதை நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. இதைப் படித்த மாணவருக்கு ஓர் எண்ணம் ஊறிப்போகும்: உட்கருவில் முக்கியமான புரதம் என்றால் எல்லா உயிரிலும் ஒன்றுபோல இருக்கும்.

எனக்கும் ஊறியிருந்தது. அதோடுதான் வெங்காய வேர்நுனியில் லாமினைத் தேடப் போனேன். எந்தச் செடியின் மரபணுத்தொகுதியும் முழுமையாக வெளிவராத காலம் அது. விலங்கு லாமினோடு ஒட்டும் ஆன்டிபாடியை விட்டு, அதன்மேல் ஒட்டி ஒளிரும் இரண்டாவது ஆன்டிபாடியையும் விட்டு, இருட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு உட்கருவைச் சுற்றியும் பச்சை வளையம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் படத்தை எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் ஓடினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “முதல் ஆன்டிபாடி போடாம ஒரு ஸ்லைடு வச்சியாம்மா?” என்றார்.

“இல்ல சார்.”

“வச்சுப் பாரு. அப்புறம் பேசலாம்.”

வைத்துப் பார்த்தேன். அதே வளையம், அதே பச்சை. லாமினைத் தொடக்கூட வழியில்லாத ஸ்லைடில், இரண்டாவது ஆன்டிபாடி தானாகவே போய் ஒட்டியிருந்தது. நான் கண்டது லாமின் அல்ல, என் ஆசை. 2000இல் கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியின் மரபணுத்தொகுதி வந்தபோது அதில் லாமின் மரபணு இல்லவே இல்லை என்று தெரிந்தது. ஈஸ்ட்டிலும் இல்லை.

அப்படியென்றால் செடியின் உட்கருவை எது தாங்குகிறது? அந்த விடையின் நுனி அதற்கு முன்பே கிடைத்திருந்தது. 1997இல் ஜப்பானில் கியோஷி மசூடா குழுவினர் கேரட் செல்களின் உட்கரு விளிம்பிலிருந்து ஒரு நீண்ட புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். எழுத்துக்கு எழுத்து வைத்தால் லாமினோடு பொருந்தாது. ஆனால் அதன் நடுப்பகுதியைத் தட்டிப் பாருங்கள்: தகிட தகதிமி. அராபிடாப்சிஸில் அதே குடும்பத்தில் நான்கு மரபணுக்கள் உண்டு. அவற்றைக் கெடுத்தால் உட்கரு சிறுத்துப்போகிறது. தூக்கநோய் தரும் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணியிலும் உட்கருவின் விளிம்பில் ஒரு மாபெரும் புரதம். அதிலும் இந்தத் தாளம்தான்.

இங்கேதான் எங்கள் தொழிலின் கடினமான கேள்வி வருகிறது. தாளம் ஒன்றாக இருப்பதால் இவை உறவா? தசையை இழுக்கும் மயோசினின் வாலிலும் இதே மூன்றும் நான்கும் இருக்கிறது. இப்படிக் கயிறு திரிக்க வேண்டிய புரதம் பெரும்பாலும் இந்தத் தாளத்துக்குத்தான் வந்து சேரும். ஒரே வேலை ஒரே சாயலைக் கொடுத்துவிடும். அதனால் ஒத்திருப்பதெல்லாம் உறவும் இல்லை, ஒவ்வாததெல்லாம் அந்நியமும் இல்லை. இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் என் கைத்தொழில். அதற்குத் தாளத்தைத் தாண்டி, வேலைக்கு அவசியப்படாத சின்னச் சின்ன அடையாளங்களைத் தேடவேண்டும்.

நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின், லாமினின் உறவினர். இரண்டையும் அடுக்கினால், லாமினின் நடுத்தண்டில் 42 எழுத்துகள் அதிகமாக நிற்கும். ஏழு ஆறாக நாற்பத்திரண்டு: சரியாக ஆறு ஆவர்த்தனம். யார் யாரிடமிருந்து வந்தார்கள்? விடை நத்தையிடம் இருந்தது. 1988இல் கிளாஸ் வெபர் குழுவினர் நத்தையின் உணவுக்குழாயிலிருந்து எடுத்த இழைப் புரதம், உட்கருவுக்கு வெளியே வேலை செய்வது. ஆனால் அதில் அந்த ஆறு ஆவர்த்தனமும் அப்படியே இருந்தது. வால்பகுதியும் லாமினை ஒத்திருந்தது. கெரட்டின் வேலைக்கு அந்த ஆறு தேவையில்லை என்பதை நம் நகமே காட்டுகிறது. தேவையில்லாமலும் நத்தையில் அது இருக்கிறதென்றால், பாட்டன் வீட்டுச் சொத்தாகத்தான் இருக்கவேண்டும். உட்கருவின் லாமின்தான் மூத்தது. அதன் மரபணுவின் நகல் ஒன்று உட்கருவைவிட்டு வெளியே குடிபோனது. முதுகெலும்பிகளுக்கு வந்த கிளையில் ஆறு ஆவர்த்தனத்தையும் தொலைத்தது. நகம் வெட்டும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

விலங்கு அல்லாத உயிரில் லாமினுக்கு மெய்யான உறவு உண்டா என்ற கேள்விக்கும் இப்படித்தான் விடை வந்தது. மண்ணில் பாக்டீரியாவைத் தின்று வாழும் டிக்டியோஸ்டீலியம் என்ற அமீபாவில், 2012இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ரால்ஃப் கிரேஃப் குழுவினர் என்இ81 என்ற புரதத்தை விவரித்தார்கள். வெறும் தாளத்தை வைத்து அவர்கள் உறவு கொண்டாடவில்லை. தண்டு, அதற்குப் பின்னால் ‘உட்கருவுக்குப் போ’ என்ற முகவரி, கடைசி நான்கு எழுத்துகளில் கொழுப்பு வால் ஒட்டிக்கொள்வதற்கான குறி என, லாமினில் இருக்கும் அதே வரிசையில் ஒவ்வொன்றையும் காட்டினார்கள்.

அந்தக் கடைசி நான்கு எழுத்துகள் பரிணாம ஆராய்ச்சிக்கு மட்டும் உரியவை அல்ல. நம் லாமின் ஏ முதிரும்போது அந்தக் கொழுப்பு வால் வெட்டி எடுக்கப்படுகிறது. லாமின் ஏ மரபணுவின் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் புரோஜீரியா என்ற நோய் வருகிறது என்பது 2003இல் கண்டறியப்பட்டது. மாறிய எழுத்தும் அதே அமினோ அமிலத்தைத்தான் குறிக்கிறது. ஆனால் அந்த இடத்தில் மரபணுவின் ஆர்என்ஏ செய்தி தவறாக வெட்டி ஒட்டப்பட்டு 50 அமினோ அமிலங்கள் விடுபடுகின்றன. வெட்டவேண்டிய இடமும் அதோடு போய்விடுகிறது. வால் சவ்விலேயே ஒட்டிக்கிடக்க, உட்கரு உருக்குலைந்து கசங்குகிறது. பிறந்த ஓரிரு வருடங்களில் முதுமையின் சாயல் படியத் தொடங்கும் அந்தக் குழந்தைகளின் படங்களை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தை மட்டும் எண்ணி, அது செய்யும் வேலையைப் பார்க்காமல் விடக்கூடாது என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

வெங்காய ஸ்லைடுகளின் ஒளிர்வு எப்போதோ மங்கிவிட்டது. படங்கள் இரண்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஒன்று முதல் ஆன்டிபாடி போட்டது, மற்றது போடாதது. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் நாள் அவற்றை அருகருகே வைப்பேன். எது எது என்று சொல்லமாட்டேன். “உனக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்பேன். பிறகு கட்டம் போட்ட நோட்டும் சிவப்புப் பேனாவும் கொடுப்பேன்.