உத்திரமுனை

எங்கள் ஊர் மாளிகைமேட்டுக்குப் போகிறபோதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டு மச்சுதான் ஞாபகம் வரும். ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடம் அந்த மேடு. 1980இல் தொடங்கி மாநிலத் தொல்லியல் துறை விட்டுவிட்டுத் தோண்டியிருக்கிறது, 2021இலும் தோண்டியது. செங்கல் சுவர், கூரை ஓடு, சீனப் பீங்கான் துண்டு, இரும்பு ஆணி எல்லாம் கிடைத்தன. தூண்கள் மரத்தில் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவை நின்ற கருங்கல் பீடங்களில் சில இருக்கின்றன. ஆணி இருக்கிறது, ஆணி இறங்கிய மரம் இல்லை.

எங்கள் வீடு தாத்தா காலத்தது. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு. நடுக்கட்டில் மட்டும் மச்சு. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கிப் போட்ட பலகை. நெல் மூட்டைக்கும் புளிப்பானைக்கும் நடுவே என் படுக்கை. ஐப்பசி பிறந்ததும் அம்மா கீழே இறக்கிவிடுவாள். “பலகையில ஓதம் ஏறிடும், நெஞ்சுல சளி கட்டும், கீழ வந்து படுப்பா.” ஆனால் தை பிறந்தால் பலகை காய்ந்து, மிதித்தால் கணீரென்று இருக்கும். வருஷா வருஷம் நனைந்து வருஷா வருஷம் காய்ந்தது அந்த மரம். அதனால்தான் அத்தனை காலம் இருந்தது.

சுவருக்குச் சிமெண்டு பூசியதற்குப் பிறகுதான் மச்சில் ஈர வாடை நிரந்தரமானது. பெரியப்பா ஆசையாகத்தான் பூச வைத்தார். சுண்ணாம்புக்கல் பூமி இது, சிமெண்டு ஆலைகளுக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்புச் சுவர் குடித்த தண்ணீரை வெயிலில் விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சோ மயிரிழை வெடிப்பு வழியே உள்ளே வாங்கும், வெளியே விடாது. அடைபட்ட ஈரம் சுவருக்குள் புதைந்திருக்கிற உத்திரமுனைக்குப் போகும். மரம் தண்ணீரைக் குடிப்பது பெரும்பாலும் வெட்டுமுகத்தில்தான். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈரம் விடாமல் தங்கிவிட்டால் பூஞ்சைக்கு அதுவே போதும்.

ஆசாரி வந்து திருப்புளியால் குத்திப் பார்த்தார். நடுவில் முனை இறங்கவேயில்லை. சுவரோரம் குத்தியபோது பிடி வரைக்கும் போயிற்று. மேலே வார்னிஷ் பளபளவென்று இருந்தது. அதைச் சுரண்டினால் உள்ளே மரம் பழுப்பேறி, சாக்லேட் வில்லை மாதிரி சதுரம் சதுரமாக வெடித்திருந்தது. விரலில் நசுக்கினேன், மாவாக உதிர்ந்தது.

எங்கள் உத்திரம் மட்டுமில்லை, இந்த ஊர் இழந்ததை நினைத்தாலும் மனசு ஆறுவதில்லை. கோயில் மதில் கல்லைப் பெயர்த்து, 1836இல் கொள்ளிடத்தில் கட்டிய கீழணைக்குக் கொண்டுபோனார்கள். மாளிகைமேட்டுச் செங்கலை ஊரார் வீடு கட்ட எடுத்தார்கள். அரண்மனை மரத்தை மழையும் கரையானும் தின்றிருக்கும். ஆனாலும் அங்கே இருக்கிற கருங்கல் பீடங்களைப் பாருங்கள். தூணின் அடி மண்ணைத் தொடக் கூடாது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் திண்ணைத் தூண்களுக்கு அடியிலும் கல்தான். அந்தத் தூண்களில் ஒன்றுகூட இன்னும் உளுக்கவில்லை.

மரத்தை ஆசாரி உடனே தொடவில்லை. முதலில் சுவர்த்தலையில் உடைந்த ஓடுகளை மாற்றச் சொன்னார். பிறகு சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுப் பங்குனி, சித்திரை வெயிலில் சுவரைக் காயவிட்டோம். அதற்கப்புறம்தான் முட்டுக் கொடுத்து, கெட்ட முனையை நல்ல மரம் வரும்வரை அறுத்தார். பழைய தேக்கில் அதே கனத்துக்குத் துண்டு எடுத்து, பாதிக்குப் பாதி செதுக்கி ஒட்டுப்போட்டு, போல்ட்டு முடுக்கினார். முனைக்கு முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடுதானே. கையில் பட்டால் தோல் புண்ணாகிவிடும், குச்சியில் துணி சுற்றித்தான் பூச வேண்டும். கரையான் அண்டாது. ஆனால் ஈர மரத்தின்மேல் பூசினால் உள்ளே இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரிதான்.

கொத்தனார் உத்திரமுனை உட்காரும் சுவர்ப் பொந்தை அடைக்கக் கலவையோடு வந்தார். ஆசாரி விடவில்லை. “அடியில ஒரு பலகைக்கல்லு வைங்க. மூணு பக்கமும் விரக்கடை இடம் விடுங்க. அடைச்சீங்கன்னா மறுபடியும் என்னைத்தான் கூப்பிடணும்.”

மற்ற உத்திரங்களும் அதே சுவரில்தான் இருக்கின்றன. ஓரத்தில் குத்தினால் இரண்டில் முனை கொஞ்சம் இறங்குகிறது. மாசியிலேயே அந்தப் பக்கத்துச் சிமெண்டையும் உடைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.