பழைய விக்ரமும் புதிய விக்ரமும்

பரமக்குடியில் பிறந்த நடிகர் கமல்ஹாசனின் "விக்ரம்" 1986-இல் வெளிவந்தபோது நாம் பள்ளி மாணவராயிருந்தோம். எழுத்தாளர் சுஜாதாவின் கற்பனையில் உருவான அக்கதையில் "அக்னிபுத்ரா" என்னும் ஏவுகணை களவாடப்படும். கணிப்பொறி கற்ற ஒரு பெண்ணின் துணையோடு உளவு அதிகாரி விக்ரம் அதனை மீட்கப் புறப்படுவார். பாம்பனில் வலை பின்னிச் சேர்த்த கூலியில் நமது தமையனார் நம்மை இராமநாதபுரத்துக்கு அழைத்துச் சென்று அப்படத்தைக் காட்டினார்.

2022-இல் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் அதே பெயரையும் அதே நாயகனையும் மீண்டும் திரைக்குக் கொணர்ந்தார். பங்கின் இளைஞர்கள் கொண்டாடினர்; நாமோ வெகுண்டோம். "ஏவுகணை எங்கே? போதைப்பொருள் கும்பலைத் துரத்துவதற்கு விக்ரம் எதற்கு?" என்று கடிந்துகொண்டோம். அவர்களுள் ஒருவன் பணிவுடன், "சாமி, பழைய படத்தை மறுபடி பார்த்தீங்களா?" என வினவினான்.

அன்றிரவே பார்த்தோம். நம் நினைவில் நின்ற படம் அதில் இல்லை. கதை இடையிடையே தடுமாறிற்று. நாம் இத்தனை காலமும் காத்து வந்தது படத்தையன்று. பின்னாளில் கடலுக்குச் சென்று திரும்பாத தமையனாரின் அருகில் அமர்ந்திருந்த அச்சில மணி நேரத்தையே என்பது அப்போது விளங்கிற்று.

பெற்றோரே, "எங்கள் காலத்துப் படம்போல் வருமா?" என்று பிள்ளைகளோடு வழக்காடுமுன், அன்று நம் அருகே அமர்ந்திருந்தவர் யாரென்று அவர்களுக்குச் சொல்வோம். மறுநாள் அவ்விளைஞனிடம் நாம் அதையே சொன்னோம். அவன் புதிய விக்ரமைத் தன் தந்தையோடு சென்று பார்த்தானாம். முப்பது ஆண்டுகள் கழித்து அதனை எவரேனும் மாற்றியெடுத்தால், அவனும் வெகுளக்கூடும்.