மேற்குப் பார்த்த ஜன்னல்

மேற்குப் பார்த்த வீடு என்றதும் உறவுக்காரர்கள் ஒருவர் விடாமல் முகம் சுளித்தார்கள். சாயங்கால வெயில் நேராகச் சுவரில் அடிக்கும், ராத்திரி பத்து மணியானாலும் ஹாலில் சூடு இறங்காது என்றார்கள். அது உண்மைதான். ஆனாலும் திருநின்றவூரில் இந்த மூன்றாவது மாடி வீட்டையே பிடிவாதமாகப் பிடித்ததற்குக் காரணம் அந்த மேற்கு ஜன்னல். எதிரே கட்டடம் கிடையாது. கீழே சில காலி மனைகள், அதைத் தாண்டி ஏரிக்கரை, அதற்கு மேலே மறைப்பில்லாத வானம். ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிவந்தோம். சென்னைப் பக்கத்தில் இடிமழை பார்க்க அதைவிடத் தோதான சமயம் இல்லை.

மணி மூன்றரை. ஹாலில் பாதி இடத்தை அட்டைப்பெட்டிகள் அடைத்திருக்கின்றன. 'கண்ணாடி – ஜாக்கிரதை' என்று மார்க்கரில் எழுதிய பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது படிக்கட்டிலிருந்து ஹவுஸ் ஓனர் அம்மாவின் குரல்.

"ஏம்மா, மாடியில துணி காயுது பாரு. மேக்கால கறுத்துக்கிட்டு வருது."

"இதோ எடுத்துடறேன்மா."

மொட்டை மாடிக்குப் போனால், கிழக்கே வானம் வெளிறிக் கிடக்கிறது. முதுகில் லேசான கடற்காற்று. மேற்கேதான் விஷயம் நடக்கிறது. வெள்ளை மேகங்கள் காலிஃபிளவர் பூப்போலக் குமிழ் குமிழாகப் பொங்குகின்றன. ஒரே குமிழைக் கண்ணெடுக்காமல் பார்த்தால் அது வளர்வதே தெரிகிறது. ஒரு துணியை மடித்துவிட்டு நிமிர்வதற்குள் அதன் தோளில் இன்னொன்று முளைத்திருக்கிறது.

இதற்குக் காரணமான இரண்டு காற்றும் நம் ஊர்க் காற்றுதான். தென்மேற்குப் பருவக்காலத்தில் மேலைக்காற்று உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எதிர்த்திசையில் உள்ளே வருகிறது. பகலெல்லாம் காய்ந்த தரைக்கு மேலே இரண்டும் முட்டிக்கொண்டால், காற்றுக்கு வேறு போக்கிடம் ஏது? மேலேதான். ஜவ்வாது மலைப் பக்கத்திலும் சித்தூர்ப் பக்கத்திலும் பிற்பகலில் கட்டும் மேகங்கள் நகர்ந்து நகர்ந்து இரவுக்குள் இங்கே வந்து சேர்வதும் உண்டு. சென்னையின் ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்வது. பெரும்பாலும் இப்படிப்பட்ட சாயங்கால, ராத்திரி இடிமழைதான் அது. 'சென்னைக்கு ஐப்பசி கார்த்திகையில்தான் மழை' என்று சொல்பவர்கள் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மேகத்தின் தலையைக் கவனிக்க வேண்டும். உடம்பு நம்மை நோக்கி வருகிறது. தலை மட்டும் பின்னால், மேற்கே சாய்ந்து பரவுகிறது. இந்த மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று ஓடுகிறது. நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958-ல் விரிவாக எழுதிய கிழக்கத்திய ஜெட் காற்றோட்டம் அது. மேகம் அந்த உயரத்தைத் தொட்டதும் உச்சியைக் காற்று இழுத்துக்கொண்டு போகிறது. கீழே ஒரு காற்று, மேலே ஒரு காற்று. நடுவில் ஒரே மேகம். புத்தகத்தில் படித்தபோது மனதில் நிற்காத செய்தி, கையில் ஈரத் துண்டோடு நின்று பார்த்தபோது நன்றாகவே விளங்கியது.

நாலரை மணிக்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டாகிவிட்டது. கைப்பேசியில் வானிலைத் துறையின் ரேடார் படம். சென்னைத் துறைமுகத்தில் 2002-ல் நிறுவிய டாப்ளர் ரேடாருக்கு இந்தத் தூரமெல்லாம் கைக்கெட்டும் தூரம். திருத்தணிப் பக்கம் மஞ்சளும் சிவப்புமாக ஒரு திட்டு. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டேன். கண்ணெதிரே நிஜம் நிற்கும்போது படம் எதற்கு?

முதல் மின்னலுக்குச் சத்தமே இல்லை. மேகத்துக்குள்ளே எங்கோ விளக்குப் போட்டு அணைத்தது போல் ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். இருபது கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கிற இடி பெரும்பாலும் காதுக்கு வந்து சேர்வதில்லை. பிறகு ஒரு கொடி மின்னல், கிளை கிளையாக. எண்ணத் தொடங்குகிறேன். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி பிடிக்கும். நாற்பத்தைந்தில் உறுமல் கேட்டது என்றால் பதினைந்து கிலோமீட்டர். அடுத்தது முப்பத்தாறு.

கடற்காற்று நின்றுவிட்டது. ஏரிக்கரை வேப்பமரத்தில் இலை அசையவில்லை. இந்த இறுக்கம் எனக்குப் பிடித்த கட்டம். வேர்த்து வழிந்தாலும் எழுந்து போக மனம் வராது. கரைமேல் ஒருவர் எருமைகளை ஓட்டிக்கொண்டு வருகிறார். கீழேயிருந்து ஓனர் அம்மா கத்துகிறார்: "யோவ், வெரசா ஓட்டு! மரத்தடியில நிக்காத!" நானும் மேலிருந்து கையை ஆட்டி அவசரப்படுத்துகிறேன். இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்னல் தாக்கி உயிரிழக்கிறார்கள். அவர்களில் மிகப் பலர் வயலில் வேலை செய்பவர்கள், ஆடுமாடு மேய்ப்பவர்கள். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, பக்கத்தில் மின்னல் அடித்தால் எச்சரிக்கும். அது அந்த எருமைக்காரரின் கைப்பேசியில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கூரைக்குக் கீழே உட்கார்ந்து ரசிக்கிற எனக்கு இருப்பதைவிட அவருக்குத் தேவை அதிகம். அவர் தெருமுனை திரும்பும்வரை எனக்கு மின்னலில் கண் போகவில்லை.

பிறகு காற்று. ஏரியின் அக்கரையில் முதலில் புழுதி எழுந்தது, தண்ணீர் சுருக்கம் விழுந்தபடி இந்தப் பக்கம் ஓடிவந்தது, அடுத்த நொடி திரைச்சீலை கூரையைத் தொட்டது. மழையோடு மேலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலாபக்கமும் பாய்கிறது. மழைக்கு முன்னே வந்து கதவைச் சாத்துவது அதுதான். உடம்பு சிலிர்த்தது. மழை விழுந்த மண்ணின் வாசனையையும் அது கூடவே கொண்டுவந்துவிட்டது. இங்கே ஒரு துளிகூட விழவில்லை.

எண்ணிக்கை முப்பதுக்குக் கீழே போனதும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன். இரும்புக் கிராதியில் கை வைக்கக்கூடாது, குழாயைத் தொடக்கூடாது. டிவி, மோடம், பிரிட்ஜ் எல்லாவற்றின் பிளக்கையும் முன்பே பிடுங்கியாகிவிட்டது. இன்வெர்ட்டர் இருந்தாலும் மின்னலிடம் அது காப்பாற்றாது.

கரண்ட் போனது. நல்லதாகப் போயிற்று. இருட்டு ஹாலில் என் அம்மா, நான், பெட்டிகள். ஒவ்வொரு மின்னலுக்கும் பெட்டியின்மேல் எழுதிய எழுத்துவரை தெரிந்து மறைகிறது. ஒரே மின்னல் இரண்டு மூன்று தரம் துடிப்பது கண்ணுக்கே தெரிகிறது. அதே பாதையில் மின்சாரம் அடுத்தடுத்துப் பாய்வதால் அப்படி. பாயும் கணத்தில் அந்தப் பாதையின் வெப்பம் 30,000 டிகிரி செல்சியஸ் வரை போகும், சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு. திடீரென்று சூடாகி வெடித்து விரியும் காற்றின் சத்தம்தான் இடி. மின்னல் பல கிலோமீட்டர் நீளம் என்பதால், பக்கத்து நுனியின் சத்தம் முதலிலும் தூரத்து நுனியின் சத்தம் பின்னாலும் வருகிறது. உருண்டு உருண்டு கேட்பது அதனால். பக்கத்தில் விழுந்தால் உருளாது. படீரென்று ஒரே வெடிதான்.

அப்படி ஒன்று விழுந்தது. "அர்ஜுனா, அர்ஜுனா" என்றார் அம்மா. கீழ் வீட்டிலிருந்தும் அதே குரல், அதே வார்த்தை. வந்த நாள் முதல் மாடிப்படியில் சிரித்துக்கொள்வதோடு சரி என்றிருந்த இரண்டு பெரிய மனுஷிகளும் இப்போது ஜன்னல் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் இடி இடித்தால் மறுநாள் காளான் பறிக்கப் போன கதை கீழிருந்து வருகிறது; இந்த ஏரிக்கரையில் எங்கே முளைக்கும் என்று அம்மா கேட்கிறார்.

மழை ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் பால்கனிக் கதவைத் திறந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால், ஏசி குழாய்க்காக மேற்குச் சுவரில் போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் கோடாக இறங்கி ஆல்பம் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருக்கிறது. படுக்கையறை ஜன்னலின் இடது கொக்கி பலத்த காற்றுக்குத் தாங்காது. பால்கனியில் தண்ணீர் வடியும் துளைக்கு எதிர்மூலையில் தேங்குகிறது. வாடகை பேசும்போது யாரும் சொல்லாத விவரங்கள். ஆல்பத்தையும் புத்தகங்களையும் உட்பக்கச் சுவருக்கு மாற்றியாயிற்று. ஓட்டையை அடைக்க நாளைக்கு எம்-சீல் வாங்க வேண்டும்.

அக்டோபர் வந்தால் காற்று திசை மாறிவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது இடி பலமாகவே இருக்கும்; நவம்பர், டிசம்பரில் அடைமழையாகும்போது குறைந்துவிடும். அந்த மேகமெல்லாம் கடலிலிருந்து வருவது. இந்த வீட்டில் கிழக்கைப் பார்ப்பது சமையலறை ஜன்னல் ஒன்றுதான். அதை மறைத்துக்கொண்டு பாத்திரப் பெட்டிகள் உத்தரம்வரை அடுக்கியிருக்கின்றன. தீபாவளிக்கு முன் அவற்றைப் பிரித்தாக வேண்டும்.