மரங்கள் நிற்கும் ஏரி

குமுளிக்கு வருபவர்கள் படகேறுவது யானை பார்க்க. படகைத் தாங்கும் தண்ணீருக்கோ வேறு வேலை இருக்கிறது.

கம்பத்தைத் தாண்டி லோயர் கேம்ப் வந்ததும் பஸ் மலையேறத் தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே நான்கு ராட்சதக் குழாய்கள் சரிவில் இறங்கி வருகின்றன. பயணிகளில் பலர் அவற்றைக் கவனிப்பதில்லை. அவர்கள் மனம் ஏற்கனவே மேலே போய்விட்டது.

மேலே குமுளி. தமிழக பஸ் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். மூட்டை முடிச்சுகளுடன் செக்போஸ்ட்டை நடந்து கடந்தால் கேரளம். கடைக்குக் கடை ஏலக்காய், மிளகு, கிராம்பு. வியாபாரிகள் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிப் பேசுகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்களால் தெருவே கறுப்பும் நீலமுமாகிவிடும். மற்ற மாதங்களில் வருபவர்கள் கேட்பது ஒன்றுதான்: "போட்டுக்கு டிக்கெட் கிடைக்குமா?"

எல்லையிலிருந்து சுமார் 4 கி.மீ. தூரத்தில் தேக்கடி படகுத்துறை. காலை 7.30 மணிக்கு முதல் படகு, மாலை 3.30க்குக் கடைசிப் படகு. வனத்துறையும் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் படகுகளை இயக்குகின்றன. ஏறியதும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொள்ள வேண்டும். கரை விலகியதும் முதலில் கண்ணில் படுவது யானை அல்ல, மரங்கள். தண்ணீரிலிருந்து கருத்த அடிமரங்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்கின்றன. கோடையில் தண்ணீர் குறையும்போது யானைக் கூட்டமும் காட்டெருமையும் கடமானும் கரைக்கு வரும். மழைக்காலத்தில் காட்டுக்குள்ளேயே தண்ணீர் கிடைப்பதால் அவை ஏன் வரப்போகின்றன? புலி தெரிந்தால் அது பயணியின் ஜாதகம்.

அந்த அடிமரங்கள்தான் இந்த ஏரியின் பிறப்புச் சான்றிதழ். 1895க்கு முன் இங்கே ஏரி இல்லை. காடும் அதன் நடுவே பெரியாறும்தான் இருந்தன. வறண்டு கிடந்த மதுரைச் சீமைக்காக ஆற்றை மறிக்கத் திட்டமிட்ட பிரிட்டிஷ் அரசு, 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டு குத்தகை எழுதிக்கொண்டது. கர்னல் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினார். மலையைக் குடைந்து ஒரு சுரங்கம் வெட்டப்பட்டது. மேற்கே அரபிக்கடலுக்குப் போன தண்ணீர் கிழக்கே திரும்பி வைகையில் சேர்ந்தது. பள்ளத்தாக்கு மூழ்கியது. மரங்கள் மட்டும் 125 ஆண்டுகளுக்கு மேலாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

தண்ணீர் தேங்கியதும் உல்லாசம் வந்தது. ஏரிக்கரை எடப்பாளையத்தில் திருவிதாங்கூர் மன்னருக்குக் கோடை மாளிகை எழுந்தது. இன்று அது ஹோட்டல். அங்கே போவதற்கும் படகுதான். 1934ல் சரணாலயமான காடு 1978ல் புலிகள் காப்பகமாயிற்று. என்ஜின் சத்தம் பிடிக்காதவர்களுக்கு இப்போது மூங்கில் தெப்பமும் உண்டு. வழிகாட்டிகளில் சிலர் ஒரு காலத்தில் இதே காட்டில் திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்கள். காட்டை அவர்களைவிட அறிந்தவர் யார்?

இவ்வளவு அமைதியான ஏரி ஒரு மாலையில் 45 உயிர்களை வாங்கியது. 2009 செப்டம்பர் 30ல் 'ஜலகன்யகா' என்ற இரண்டு தளப் படகு கவிழ்ந்தது. விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும் படகு சாய்ந்தது என்றார்கள் உயிர் தப்பியவர்கள். இறந்தவர்களில் பலர் வெளிமாநிலத்தவர், தமிழர்களும் உண்டு. அன்று அவர்கள் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. இன்று அதை மாட்டும்போது "புழுக்கமாக இருக்கிறது" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை.

படகில் போகிறவர்கள் அணையைப் பார்க்க முடியாது. அது வெகுதூரம் உள்ளே இருக்கிறது. ஆனால் குமுளியின் இருபுறமும் அணையைப் பற்றித்தான் பேச்சு. 1979ல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று 2014 மே 7ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்பம் விவசாயிக்கு 142 என்பது நெல். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் இருப்பவருக்கு அதே 142 தூக்கமில்லாத மழை இரவு. அணை பலமாக இருக்கிறது என்கிறது தமிழகம். புது அணை வேண்டும் என்கிறது கேரளம். 104 அடிக்குக் கீழே இறங்கினால் சுரங்கத்தில் தண்ணீர் ஏறாது. அப்போது கம்பம் பள்ளத்தாக்கு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். சுற்றுலாப் பயணிக்கோ தண்ணீர் குறைந்தால்தான் யானை தெரியும்.

கடைசிப் படகு திரும்புகிறது. "ஒரு யானைகூட இல்லை" என்று குழந்தைகள் முகம் சுளிக்கிறார்கள். பெரியவர்கள் ஏலக்காய் விலை விசாரிக்கக் கிளம்புகிறார்கள். இருட்டும் நேரத்தில் பஸ் மலை இறங்குகிறது. மீண்டும் அந்த நான்கு குழாய்கள். உள்ளே ஓடுவது பகலெல்லாம் அவர்கள் மிதந்து வந்த அதே தண்ணீர். கீழே மின்சாரமாகி, வயலாகி, மதுரையில் யாரோ ஒருவர் வீட்டுக் குடமாகப் போகிறது.