குரலுக்கு ஒரு கேமரா

மே 2, 2009, சனி

பரணில் கிடந்த எங்கள் கல்யாணக் கேசட்டைப் போன வாரம் கடையில் கொடுத்திருந்தேன். 1998இல் எடுத்தது. டேப்பின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம். துடைத்து, டிவிடியில் ஏற்றி இன்று தந்தார்கள். படம் தப்பிவிட்டது.

பந்தி நடக்கிற இடத்தில் தாத்தா வருகிறார். தோளில் துண்டு, வலது கையை நீட்டி யாரிடமோ என்னவோ சொல்கிறார். உதடு அசைகிறது. கேட்பதோ சினிமாப் பாட்டு. அப்போது கல்யாண வீடியோ என்றாலே அப்படித்தான், கெட்டிமேளம் தவிர மற்ற இடமெல்லாம் பாட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். நாங்களும் அதைக் குறையாக நினைக்கவில்லை. 2001இல் தாத்தா போய்விட்டார். அவர் பேசிய ஒரு வார்த்தைகூட எங்களிடம் இல்லை.

வீடியோ எடுத்தவரின் நம்பரைத் தேடிப்பிடித்துப் போன் செய்தேன். அந்த மாஸ்டர் டேப்பில் அடுத்த முகூர்த்தத்தை எடுத்துவிட்டாராம்.

ஆச்சிக்கு 82 வயது. இந்த லீவில் ஊருக்குப் போவதற்குள் கேமரா வாங்கிவிட வேண்டும்.

மே 5, செவ்வாய்

மாடி வீட்டு மாமா தன்னுடைய கேமராவை ஒரு நாளைக்குக் கொடுத்தார். கேசட் போடுகிற டிஜிட்டல் கேமரா. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட், ஒன்றில் 60 நிமிடம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றவும் அதே 60 நிமிடம் ஓடவிட வேண்டும், 13 ஜிபி இடம் பிடிக்கும். அதற்கான ஃபயர்வயர் சொருகுமிடம் எங்கள் கம்ப்யூட்டரில் கிடையாது. ஆனாலும் கேசட்டில் ஒரு நிம்மதி உண்டு. எடுத்ததைப் பீரோவில் வைத்தால் அதுவே மூலம்.

பாப்பா தூக்கத்துக்கு முன் தனக்குத்தானே கதை சொல்லிக்கொள்வதை எடுத்தேன். போட்டுக் கேட்டால் அவள் குரலுக்கு அடியில் உர்ரென்று ஒரு இரைச்சல். கேமராவுக்குள் கேசட்டைச் சுற்றும் மோட்டாரின் சத்தத்தை அதன் மைக்கே பிடித்திருக்கிறது. அறை எவ்வளவு அமைதியோ அவ்வளவுக்கு அது துலங்குகிறது. ஆச்சி மெதுவாகப் பேசுகிறவள். இது வேண்டாம்.

மே 9, சனி

ரிச்சி ஸ்ட்ரீட். காலை பதினொன்றுக்குப் போய் மூன்று மணிக்குத்தான் திரும்பினோம்.

டிவிடி கேமராவை முதலிலேயே தள்ளிவிட்டேன். 8 செ.மீ. தட்டில் 1.4 ஜிபி, நல்ல தரத்தில் எடுத்தால் 20 நிமிடம். ஆச்சி ஒரு கதையை ஆரம்பிக்கவே அவ்வளவு நேரம் ஆகும். அதிலும் சுழலும் பாகம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் கேமராவிலும் அதே கவலை.

எச்டி கேமராவைக் கடையின் பெரிய எல்சிடியில் காட்டினார்கள். மல்லிகைச் சரத்தின் நார்கூடத் தெரிந்தது. என் கணவருக்கு மனசு அதிலேயே நின்றுவிட்டது. "வீட்டில் பென்டியம் 4தான், ஓடுமா?" என்று கேட்டேன். கடைத் தம்பி ஒளிக்காமல் சொன்னான்: "விட்டு விட்டுத்தான் ஓடும்க்கா." எங்கள் டிவியும் பழைய குண்டு டிவி. விலை இரண்டு மடங்கு. அவர் மறுபேச்சில்லாமல் கீழே வைத்துவிட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு நன்றி.

மிச்சம் இருந்தவை மெமரி கார்டு கேமராக்கள். அட்டைப்பெட்டியில் 2000 மடங்கு ஜூம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது இருக்கிற புள்ளிகளை இழுத்துப் பெரிதாக்குவது. லென்ஸ் தானே செய்கிற ஆப்டிகல் ஜூம் எவ்வளவு என்பது ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

அவரை எதிர்ச் சாரியில் நின்று பேசச் சொல்லி ஜூம் செய்தேன். முகம் திரை நிறைய வந்தது. குரல் வரவில்லை, ஆட்டோ ஹாரன்தான் வந்தது. ஜூம் முகத்தைத்தான் கிட்டே கொண்டுவருகிறது, குரல் புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறது. ஆச்சியின் முகத்துக்கு முன்னால் நான் கேமராவை நீட்ட முடியாது. ஆக, மைக் தனியாக இருக்க வேண்டும், அதைச் சொருக ஓட்டை வேண்டும். விலை குறைந்த கேமராக்களில் அதைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள். நான்காவது கடையில் ஒன்றே ஒன்றில் இருந்தது. கேமரா, 8 ஜிபி கார்டு, கூடுதல் பேட்டரி எல்லாம் சேர்த்து 19,800. பட்டன் பேட்டரி போட்ட காலர் மைக் 450. வாங்கிவிட்டோம்.

மே 11, திங்கள்

உயர்ந்த தரத்தில் வைத்தாலும் கார்டில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் எடுக்கலாம். சீலிங் ஃபேன் ஓடினால் மைக்கில் காற்று அடிக்கிறது. ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் முகம் கறுத்துவிடுகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் அடுப்படி முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. ஊரில் முற்றத்தில், பகலில் எடுக்க வேண்டும்.

நிறைந்த கார்டை அழித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும் என்பது மட்டும் பயமாக இருக்கிறது. மாஸ்டர் டேப்பை அழித்தவர்மேல் இத்தனை நாள் கோபப்பட்டவள் நான். டிவிடிகளில் இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கோயம்புத்தூருக்கு அண்ணனிடம் அனுப்பாமல் கார்டில் கை வைப்பதில்லை.

மே 16, சனி, அம்பாசமுத்திரம்

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து, பஸ் பிடித்து, பத்து மணிக்கு வீடு. கேமராவைக் கண்டதும் ஆச்சி சேலையைச் சரிசெய்துகொண்டு, போட்டோவுக்கு உட்கார்வதுபோல வாயை மூடிக்கொண்டாள். "உன் பேச்சுதான் ஆச்சி வேணும்" என்று சொல்லிக் கேட்டு, மைக்கை முந்தானையில் குத்தினேன். கேமராவைக் கவிழ்த்த மரக்கால்மேல் வைத்து, அதன் சிவப்பு விளக்கை மெனுவில் போய் அணைத்தேன். அரைமணியில் அதை மறந்துவிட்டாள்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன், பக்கத்து வீட்டு டிவி, மோட்டார் எல்லாம் ஒருசேர நின்றன. ஹெட்போனில் ஆச்சி வெற்றிலைக் காம்பைக் கிள்ளும் சத்தம்கூடக் கேட்டது. தாமிரபரணியில் வெள்ளம் வந்த வருஷத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மணி பத்து நிமிடம். பேட்டரி போதும் போதுமென்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மே 17, ஞாயிறு

கல்யாண டிவிடியை ஆச்சிக்குப் போட்டுக் காட்டினோம். தாத்தா வருகிற இடத்தில் நான் பாட்டின் சத்தத்தைக் குறைத்தேன். தாத்தா கையை நீட்டினார். ஆச்சி டிவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"கடைசிப் பந்திக்கு மோர் எட்டலைன்னு தவசிப்பிள்ளையை வையுதாவ. எனக்கு அடுக்களை வரைக்கும் கேட்டுச்சு."

மைக் நேற்றிலிருந்து பையில்தான் இருந்தது. எடுத்து முந்தானையில் குத்தினேன்.

"என்ன ஆச்சி சொன்னாங்க? அவிய சொன்ன மாதிரியே சொல்லு."

"அப்படியேவா? சத்தமா சொல்லணுமே, ஏட்டி" என்றபடி ஆச்சி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.