அத்தை பேசுகிறேன்

என்னிடம் பி.ஏ. தமிழ் படித்த பெண், ஒரு ஞாயிறு மத்தியானம் போன் செய்தாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறாள்.

“அம்மா, எங்க வார்டன்கிட்ட அத்தைன்னு சொல்லிப் பேசுறீங்களா? பல் டாக்டர்கிட்ட போகணும். அப்பா போன் எடுக்கல. வீட்லருந்து சொன்னாத்தான் வெளிய விடுவாங்க.”

அவளுக்கு வயது 23. ஓட்டுப் போடுகிறாள். அப்பா வாங்கிய கடனை அடைக்கிறாள். பல் வலிக்கு மட்டும் அத்தை வேண்டும்.

பேசினேன். “பொண்ணுங்க பாதுகாப்புக்குத்தான் மேடம்” என்றார் வார்டன். எனக்குச் சுருக்கென்றது. கல்லூரி விடுதியில் உதவி வார்டனாக இருந்த நான்கு வருடமும் இதையே சொன்னவள் நான். மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டும் உத்தரவில் என் கையெழுத்தும் இருந்தது.

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிக்கும் பெண்கள் பலர் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கூட இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சு பரவியது. 17ஆம் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடிந்தும் எழவில்லை.

யாரும் இறக்கவில்லை. வதந்தி என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால், கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில்தான் வதந்தி பிறக்கிறது. தொழிலாளர்களின் விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் சில தன் தரத்துக்கு இல்லை என்று பிறகு ஆப்பிள் நிறுவனமே சொன்னது. பூட்டு, வெளியே நிற்கிறவனைத் தடுக்கும். தட்டில் வருவதைத் தடுக்குமா?

2024 ஜூனில், திருமணமான பெண்களை இதே ஆலை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. வேலைக்கு எடுப்பதில் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் 1976இலேயே வந்துவிட்டது.

அந்த ஆகஸ்டில் வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைச் சிப்காட் திறந்தது. நல்ல கட்டடம் வேண்டும்தான். சோறு சரியில்லை என்று சொல்லும் பெண்ணின் வேலை மறுநாளும் இருக்குமா, சங்கம் சேர்ந்தால் இருக்குமா என்பதைக் கட்டடம் சொல்லாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தப் பயம்தான் பெரிய பூட்டு.

மறுவாரம் போன் செய்து, பல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

“பிடுங்கிட்டாங்கம்மா” என்று சிரித்தாள். “ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? நம்ம காலேஜ் ஹாஸ்டல்லயும் எனக்கு ஒரு அத்தை இருந்தாங்க. உங்ககிட்டதான் பேசுனாங்க.”

அன்று எங்கே போனாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.