இயக்குநர் சபை முன்னிலையில்

கணினி வழி வாணிபத் திட்டமொன்றை ஒரு கம்பெனியின் இயக்குநர் சபையார்க்கு நாம் எடுத்துரைத்தோம். "நட்டம் வரின் பொறுப்பு யாருடையது?" என வினவினார் ஒரு முதியவர். அவரைப் பழமைப் பித்தரென்று உள்ளத்தே இகழ்ந்து, கோடாக் கம்பெனியின் வரலாற்றை உரைத்தோம். 1975-ல் அதன் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் பிலிம் வேண்டாத டிஜிட்டல் காமிராவைச் செய்து காட்டினார். ஒரு படம் பதிவாக 23 விநாடி பிடித்தது. பிலிம் இலாபத்தை இழக்க அஞ்சிய நிர்வாகம் தயங்கிற்று. 2012-ல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடிற்று.

முதியவர் புன்னகைத்தார்: "செய்து காட்டியும் அவர்கள் நம்பவில்லை, நீர் காட்டாமலே நாங்கள் நம்ப வேண்டுமோ, ஐயா?"

நாணினோம். ஒரு கிளையில் மட்டும் மூன்று திங்கள் சோதிக்க அனுமதி பெற்று, வரவு செலவுக் கணக்குடன் மீண்டோம். சபை இசைந்தது.

அன்பர்களே! தயங்குவோர் கேள்வியெல்லாம் மூடப் பழக்கமன்று. விடையின்றிச் சென்றது நம் பிழையே.